ஒரு குழாய் போதும், அதை ஒழுங்காக வளைத்தால்

போன வாரம் சித்தப்பா மகன் ஹட்டனிலிருந்து போன் எடுத்தான். "அண்ணே, என் மிட்சுபிஷி லான்சர் காருக்கு டபுள் சைலன்சர், புகைக் குழாய் ரெண்டு போடப் போறேன். எங்க போட்டா நல்லாருக்கும்?" என்று கேட்டான். எங்கே போடலாம் என்பதை விட்டுவிட்டு, ஏன் போட வேண்டாம் என்று முக்கால் மணி நேரம் பேசினேன். போனில் சொன்னதில் பாதி அவனுக்குப் பிடிபடவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

என்னிடம் இருப்பது 1998 ஹொண்டா சிவிக், ஈகே3. ஒன்றரை லீட்டர் டி15பி வீடெக் எஞ்சின், கம்பனிக் கணக்கில் 130 குதிரை வலு. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு புதுக் கார் என்ற பேச்சையே விட்டுவிட்டேன். இருப்பதை நன்றாக ஆக்கிக்கொள்வோம் என்று நினைத்தேன். ஒரு ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போய் மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் பார்த்தேன். தேயிலைக்கு நடுவே கார்கள் முழங்கிக்கொண்டு ஏறும் சத்தம் இரண்டு நாள் காதை விட்டுப் போகவில்லை. அடுத்த மாதமே ஒரு கராஜில் கொடுத்து, புகையின் நச்சைக் குறைக்கும் கெட்டலிட்டிக் கன்வேர்ட்டருக்குப் பின்னாலிருந்து இரண்டு அங்குலக் குழாய் இரண்டு இழுத்து, வலதும் இடதுமாக இரண்டு சைலன்சர் போட்டேன். இடது பக்கக் குழாய்க்காகப் பம்பரையும் வெட்டினார்கள்.

புஸ்ஸல்லாவை தாண்டி றம்பொடை ஏறும்போதுதான் விஷயம் தெரிந்தது. முன்பெல்லாம் அந்த வளைவுகளில் மூன்றாம் கியரிலேயே இழுத்துக்கொண்டு போகும். இப்போது வளைவை விட்டு வெளியே வந்து மிதித்தால் சத்தம் மட்டும் வருகிறது, கார் யோசிக்கிறது. இரண்டாம் கியர் போட்டால்தான் நகர்ந்தது. ஐயாயிரம் ஆர்பிஎம்முக்கு மேலே போனால் ஏதோ கொஞ்சம் உயிர் இருந்தது. மலை வீதியில் ஐயாயிரத்தில் எவ்வளவு நேரம் ஓட்ட முடியும்?

ஏன் இப்படி என்பது எனக்கு வேலை இடத்தில்தான் விளங்கியது. நான் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். தூள் சலிக்கும் அறையில் தூசியை உறிஞ்ச ஒரு தகரக் குழாய் உண்டு. ஒரு தடவை துருப்பிடித்த பகுதியை மாற்றும்போது, கையில் இருந்த அகலமான குழாயைப் பொருத்திவிட்டோம். காற்றாடி அதேதான், மோட்டார் அதேதான். ஒரு வாரத்தில் அந்த அகலக் குழாயின் அடியில் மட்டும் தூசி படிந்து கிடந்தது, தட்டினால் பொத்தென்று விழுந்தது. காற்று நடந்து போனால் தூசி அதோடு வராது. ஓடினால்தான் இழுத்துக்கொண்டு வரும்.

எஞ்சினிலும் அதே கதைதான். எரிந்த வாயு ஒழுங்கான ஓடையாக வருவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் வால்வைத் திறக்கும்போது ஒரு ஊதலாக வெளியே வரும். வேகமாகப் போகும் ஊதல் தனக்குப் பின்னால் அழுத்தத்தைக் குறைத்துவிட்டுப் போகிறது. அந்த இழுப்பு அடுத்து திறக்கும் சிலிண்டரைக் காலியாக்க உதவும், அதனால் புதுக் காற்று நிறைய உள்ளே வரும். சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-3-4-2. நாலு சிலிண்டர்களின் குழாய்களை முதலில் இரண்டாக, பிறகு ஒன்றாகச் சேர்க்கும் நாலு-இரண்டு-ஒன்று ஹெடரில் ஒன்றையும் நாலையும் ஒரு சோடி, இரண்டையும் மூன்றையும் ஒரு சோடி ஆக்குவது இந்த இழுப்புக்காகத்தான். எஞ்சினுக்கு எதிர் அழுத்தம், அதாவது புகை வெளியேறுவதைக் கொஞ்சம் தடுக்கும் அழுத்தம், வேண்டும் என்று கராஜ்களில் சொல்வார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். வேண்டியது வேகம்.

கணக்கையும் பாருங்கள். இரண்டே கால் அங்குலக் குழாய் ஒன்றின் வாய் சுமார் 4 சதுர அங்குலம். இரண்டு அங்குலக் குழாய் இரண்டைச் சேர்த்தால் சுமார் 6.3. ஒன்றரை லீட்டர் எஞ்சின் விடும் மூச்சுக்கு அது பெரிய மண்டபம். அதோடு பின்னால் போகப் போக வாயு ஆறிச் சுருங்கும், வேகம் இன்னும் குறையும்.

எங்கள் பக்கத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறத்தாழ 80 சதவீதம்தான். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் உள்ளே எடுக்கும் காற்று அந்த அளவுக்குக் குறைகிறது, வெளியே விடுவதும் குறைகிறது. கொழும்பில் கொஞ்சம் பெரிதாகத் தெரியும் குழாய் இங்கே ரொம்பப் பெரிது.

மழைக் காலம் முடிவதற்குள் இடது சைலன்சர் அடியில் ஓட்டை விழுந்தது. வலது பக்கம் நன்றாக இருந்தது. வெல்டிங் பாஸிடம் கொண்டுபோனேன். ஜெக் போட்டு ஏற்றி, இரண்டு குழாயையும் மாறி மாறித் தடவிப் பார்த்தார். இடது குழாய் வளைவில் நசுங்கி முட்டை வடிவமாகியிருந்தது. வாயு வலது பக்கமே போயிருக்கிறது. இடது பெட்டி சூடாகாமல், உள்ளே தேங்கின தண்ணீர் காயாமல் உளுத்துப்போயிருக்கிறது.

"தம்பி, எஞ்சின்ல நாலு வாசல். கீழ வந்து ஒன்னாகுது. ஒன்னானதை எதுக்கு மறுபடி ரெண்டா பிரிக்கிற?"

"பார்க்க நல்லா இருக்கும்னு செஞ்சேன் பாஸ்."

"வி எஞ்சின்னா சரி. இதுக்கு வேணாம்."

அவர் சொன்னது முழு உண்மை. வி6, வி8 எஞ்சினில் சிலிண்டர்கள் வி வடிவில் இரண்டு வரிசையாக இருக்கும். இரண்டு பக்கமும் தனித்தனி ஹெட், புகையைச் சேர்க்கும் மெனிஃபோல்டும் தனித்தனி. அங்கே இரட்டைக் குழாய் இயல்பாகவே பிறக்கிறது. மஸ்டாங் மாதிரியான வி8இல் ஒரே பக்கத்துச் சிலிண்டர்கள் சம இடைவெளியில் எரிவதில்லை, அதனால் இரண்டு குழாயையும் நடுவில் எக்ஸ் வடிவத்திலோ எச் வடிவத்திலோ இணைத்து ஊதல்களைச் சமப்படுத்துவார்கள். டர்போ உள்ள எவோவில், அதாவது லான்சர் எவல்யூஷனில், இழுப்பைப் பற்றிக் கவலை இல்லை. புகை சுழற்றும் டர்பைன் சக்கரத்துக்குப் பின்னால் எவ்வளவு தாராளமோ அவ்வளவு நல்லது, ஆனால் அதற்கும் மூன்று அங்குலத்தில் ஒன்று போதும்.

இப்போது என் காரில் இரண்டே கால் அங்குல ஸ்டெயின்லெஸ் குழாய் ஒன்று. வளைவுகளை உள்ளே அச்சு வைத்து வளைத்ததால் எங்கும் நசுங்கவில்லை. நடுவில் முழக்கத்தைக் குறைக்கும் ரெசனேட்டர் ஒன்று, பின்னால் ஒரு சைலன்சர். கன்வேர்ட்டரைத் தொடவில்லை, வருடாவருடம் புகைப் பரிசோதனைக்குப் போக வேண்டும். எடையும் குறைந்தது, தோட்டத்து வடிகான் மேடுகளில் அடி தட்டுவதும் நின்றது. ரெசனேட்டரை மட்டும் யார் சொன்னாலும் கழற்றாதீர்கள். இரவு பதினொரு மணிக்கு லயத்து வாசலில் கார் நிறுத்தும்போது, பக்கத்துக் காம்பராவில் கைப்பிள்ளை தூங்குகிறது. சத்தம் கூட்டின சைலன்சரைப் பொலிஸ் பிடிப்பது அப்புறம்.

றம்பொடையில் மூன்றாம் கியர் திரும்பி வந்துவிட்டது. தம்பி இந்த ஞாயிறு லான்சரைக் கொண்டுவருகிறான், இரண்டு பேருமாக அடியில் படுத்து அளக்கப் போகிறோம். என் பம்பரின் இடது பக்க ஓட்டையை மூட ஃபைபர் வேலைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன், நிறம் கலக்க ஒரு நாள் கேட்டார்.