எட்டாவது பார்ல ஒரு ட்ரில்

நவம்பர் 4, 2024, திங்கள்

தீபாவளி லீவு முடிஞ்சு மறுபடி பியானோ கிளாஸ். பிள்ளைங்க ஆளுக்கொரு டப்பா முறுக்கு கொண்டுவந்தாங்க, யாரும் பிராக்டிஸ் பண்ணலன்னு விரலப் பாத்தாலே தெரியுது. நான் வாசிக்கிறது காலைல அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும்தான், அதுக்கு மேல அம்மாவ குளிப்பாட்டி பசியாற வச்சு சமையல் முடிச்சா ரெண்டு மணி ஆயிடும், அப்புறம் ராத்திரி எட்டு வரைக்கும் வரிசையா பிள்ளைங்க. லண்டன்ல படிச்சிட்டு பினாங்குக்கு திரும்பி வந்து 28 வருஷம், சோறு போடறது கிளாஸ்தான், கச்சேரி இல்ல.

17ம் தேதி ரிசைட்டல். ஷூபர்ட்ங்கிற அந்தக் காலத்து இசையமைப்பாளரோட கடைசி பியானோ சொனாட்டா, பி ஃப்ளாட் மேஜர், முழுசா 40 நிமிஷம். எட்டாவது பார்ல, அதாவது எட்டாவது தாளக் கட்டத்துல, இடது கைல அடி ஆழத்துல ஒரு ட்ரில் வரும், பக்கத்துப் பக்கத்து ரெண்டு கீய வேகமா மாத்தி மாத்தி அமுக்குறது, சத்தம் ரொம்ப மெதுவா இருக்கணும், எங்கியோ தூரத்துல மேகம் உருமுற மாதிரி. வீட்டுல நல்லாத்தான் வருது.

நவம்பர் 7, வியாழன்

கிரேட் 5 பாப்பா போன பியானோ பரீட்சைல 128. டிஸ்டிங்ஷனுக்கு 130 வேணும், அந்த ரெண்டு மார்க்க அவங்க அம்மா இன்னும் மறக்கல. போன வருஷத்து பீஸ் ஏதாச்சும் வாசிம்மான்னு கேட்டேன், முழிக்குது. வருஷம் பூரா மூணு பீஸ், பரீட்சை முடிஞ்சதும் அதுவும் மறந்துபோச்சு. மார்க் வேணாம்னு நான் சொல்லவே இல்ல, ஆனா பியானோ படிக்கிற பிள்ளைக்கு வீட்டுக்கு விருந்தாளி வந்தா வாசிக்க ஒண்ணுமே இல்லன்னா எனக்கு மனசு ஆறல. ஷூபர்ட்டோட குட்டி லெண்ட்லர், கிராமத்து டான்ஸ் பீஸ், ஒண்ணு குடுத்தேன். "சிலபஸ்ல இல்லாதத ஏன் டீச்சர்?"னு அம்மா கேட்டாங்க. இதுக்கு தனியா காசு வேணாம்கா, பத்து நிமிஷம் கூட உக்காரட்டும்னேன்.

நவம்பர் 12, செவ்வாய்

விடாம மழ. ஈரத்துல பியானோவுக்குள்ள சத்தத்த எழுப்புற பலகை, சவுண்ட்போர்டு, ஊதி சுதி ஏறிப்போச்சு, நடுவுல ரெண்டு கீ அமுக்குனா எழும்பவே மாட்டேங்குது. ஈரம் காயட்டும்னு உள்ள சின்ன பல்ப் ஒண்ணு எப்பவும் எரியுது, இருந்தும் கடல் காத்துக்கு கம்பி துருப்பிடிக்கத்தான் செய்யுது. டியூனர் அங்கிள் வந்து மூடியக் கழட்டிட்டு நடு பெடல அமுக்கி பாத்தாரு. அத அமுக்குனா ஃபெல்ட் துணி ஒண்ணு கம்பிக்கு முன்னால இறங்கி சத்தத்த மூடிடும், விடியக்காலைல பக்கத்து வீட்டுக்காரங்க தூங்கணுமேன்னு நான் அதுலதான் வாசிக்கிறேன். சுத்தியல் பட்டு பட்டு துணி பூரா வரிவரியா தழும்பு, கீழ்க்கட்டைப் பக்கம் கிழிஞ்சே போச்சு. கச்சேரிக்கும் இதுலதான் பிராக்டிஸான்னு கேட்டாரு, அவ்ளோதான். அப்பதான் உறைச்சது. துணி மூடிட்டா எது வாசிச்சாலும் மெதுவாத்தான் கேக்கும், அந்த ட்ரில்ல மெதுவாக்குனது துணி, என் கை இல்ல.

அவரு போனதும் துணி இல்லாம வாசிச்சேன். மேகம் இல்ல, லாரி.

நவம்பர் 15, வெள்ளி

மூணு நாளா மத்தியானம் ஒண்ணரைக்கு அந்த ஒரே பார். கீய மேல இருந்து அடிக்காம, விரல் ஒட்டுனபடியே, முழுசா எழும்புறதுக்குள்ள மறுபடி அமுக்கணும், முழங்கை கனமாவே இருக்கக்கூடாது. பத்துல நாலு தடவ வருது.

நவம்பர் 17, ஞாயிறு

ஹால்ல அறுபது பேரு இருக்கும். வாடகை, டியூனிங் எல்லாம் போக கைல நிக்கல. ட்ரில் வந்துச்சு. அதுக்கப்புறம் வர்ற மௌனத்துல ஏர்கான் சத்தம் மட்டும்தான். ரெண்டாவது மூவ்மெண்ட்ல ஒரு எடத்துல தவறிட்டேன், அது இன்னும் உறுத்துது. கிரேட் 5 பாப்பாவும் அம்மாவும் மூணாவது வரிசைல.

நவம்பர் 19, செவ்வாய்

1828ல இதே நாள்தான் ஷூபர்ட் செத்தாரு, வயசு 31. சொனாட்டாவ செப்டம்பர்ல முடிச்சவரு, அது அச்சுல வந்தது 1839லதான். அவரும் 1818ல ஒரு பிரபு வீட்டுப் பொண்ணுங்களுக்கு பியானோ சொல்லிக்குடுக்கப் போனவருதான்னு பாப்பாகிட்ட சொன்னேன். லெண்ட்லர பாதி வாசிச்சா, இடது கை தடுமாறுது. அப்புறம் "டீச்சர், அந்த உருமுற சத்தம் எப்படி?"ன்னு கேட்டா. பெஞ்ச இடது பக்கம் தள்ளி உக்கார வச்சு, ரெண்டு விரல கீ மேல வச்சுக்குடுத்தேன். நடு பெடல தொடல.