பிள்ளையாருக்கு இன்னும் வலிக்கிறதா?

பங்குனியில் நானும் தங்கையும் திருச்சி மலைக்கோட்டைக்குப் போய்வந்தோம். அம்மா இல்லாமல் போனது இதுதான் முதல் தடவை.

அடிவாரத்தில் மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டு ஏறத் தொடங்கினோம். உச்சிவரை 417 படிகள் என்பார்கள். அம்மாவின் கணக்கு ஒரு தடவைகூட அந்த எண்ணில் போய் முடிந்ததில்லை. வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறுவாள். நடுவில், இறங்கி வருகிற யாராவது ஒரு பாட்டியிடம் "மேலே கூட்டம் எப்படிம்மா?" என்று கேட்பாள். பேச்சு முடிவதற்குள் விட்ட இடம் மறந்துபோயிருக்கும். உத்தேசமாக ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு மறுபடி தொடங்குவாள். ஒரு வருஷம் 390, இன்னொரு வருஷம் 440. "மலை அப்படியேதாம்மா இருக்கு" என்று தங்கை சொன்னால், "இன்னைக்கு எனக்கு இவ்வளவுதான் வச்சிருக்கான்" என்பாள்.

எந்தக் களைப்பையும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவளுக்குத் தெரியாது. மூச்சு வாங்கினால் எங்களைப் பார்த்து, "உனக்குக் கால் வலிக்கும், செத்த உட்காரு" என்பாள். அவளுக்குத் தாகம் எடுத்தால் "தண்ணி குடிக்கிறியா?" என்ற கேள்வி எங்களுக்கு வரும். காற்றுப் பட்டால் அவளுக்குக் காது குடையும். துண்டு மட்டும் எங்கள் தலையில் வந்து விழும். சின்ன வயதில் "எனக்கு வலிக்கலையே" என்று படிகளில் ஓடியிருக்கிறோம். புரிந்த பிறகு, வலிக்காத காலோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து பழகினோம். இந்தத் தடவையும் அந்தத் திருப்பத்தில் உட்கார்ந்தோம். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

பாதி மலையில் தாயுமானவர் சன்னதி. சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். பூம்புகாரிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த செட்டிப்பெண் ரத்னாவதிக்குப் பேறுகாலம். துணைக்குக் கிளம்பிய தாயைக் காவிரி வெள்ளம் மறித்துவிட, இறைவனே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து பெற்றவள் வந்து சேர்ந்தபோது, வீட்டுக்குள் இன்னொரு தாய். உள்ளே இருந்தவர் மறைந்துபோனார். செவ்வந்திநாதர் தாயுமானவர் ஆனது அப்படித்தான். சித்திரையில் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்று அதை இன்றும் விழாவாக நடத்துகிறார்கள். சுகப்பிரசவம் ஆனால் வாழைத்தார் செலுத்துவதாக வேண்டிக்கொள்வது வழக்கம். நாங்கள் இருவரும் பிறந்தபோதும், அப்புறம் எங்கள் பிள்ளைகள் பிறந்தபோதும் அம்மா தார் கொண்டுவந்து செலுத்தியிருக்கிறாள்.

இந்தக் கதையை அம்மா சொல்கிற விதமே வேறு. வெள்ளத்தை ஒரு வரியில் தாண்டிவிடுவாள். அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதுதான் அவளுக்கு முக்கியம். "முகத்தை மாத்திக்கிட்டு வந்து ஊரை நம்ப வச்சிடலாம். பெத்த பொண்ணை நம்ப வைக்க முடியுமா? எங்க அம்மா எப்படிச் செருமுவா, வெந்நீரை எந்தக் கையால தொட்டுப் பார்ப்பா, கோவம் வந்தா எந்தப் பக்கம் திரும்பி முணுமுணுப்பான்னு எனக்குத் தெரியாதா? அதையெல்லாம் ஒண்ணு விடாம கத்துக்கிட்டுத்தான் சாமி வந்திருப்பான். இல்லேன்னா அந்த வலியிலயும் அந்தப் பொண்ணு கண்டுபிடிச்சிருக்கும்."

எத்தனையோ சொற்பொழிவுகளில் இந்தத் தலபுராணத்தைக் கேட்டிருக்கிறேன். இப்படிச் சொன்னது அம்மா ஒருத்திதான். எனக்கு இந்தக் கதையின் உயிரே இதுதான். அன்றைக்கு, மேற்குப் பார்த்த அந்தப் பெரிய லிங்கத் திருமேனியின் முன்னால் நின்றபோது மனம் ஒரே இடத்தில் சுற்றியது. இவருக்கு எங்கள் அம்மா செருமுவது தெரியும். எண்ணிக்கை தவறுவதும் தெரியும்.

அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு பேர், நட்சத்திரம் கேட்டார். அம்மா வந்தால் இந்த இடத்தில்தான் நேரமாகும். பஸ்ஸில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் யாரைப் பார்த்தாலும் எழுந்து இடம் கொடுத்து, மாசம் எத்தனை என்று கேட்டு, பேரையும் நட்சத்திரத்தையும் ஒரு சீட்டில் எழுதி முந்தானையில் முடிந்துகொள்வாள். எங்கள் பேரெல்லாம் கடைசியில்தான் வரும். அவள் பேர் வரவே வராது.

நான் சொல்லத் தொடங்குமுன் தங்கை கைப்பையைத் திறந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். அம்மாவின் கையெழுத்து. கடைசியாக எழுதி, கொண்டுவந்து சேர்க்க முடியாமல் போன சீட்டு. அதை அவள் பத்திரப்படுத்தி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. ஆறு பெண்களின் பேர்கள். அந்தப் பிள்ளைகளெல்லாம் இந்நேரம் நடக்கத் தொடங்கியிருக்கும். தங்கை ஒவ்வொன்றாக வாசித்தாள். அர்ச்சகர் பொறுமையாகத் திருப்பிச் சொன்னார். ஏழாவதாக அம்மாவின் பேரையும் சேர்த்தோம்.

மட்டுவார்குழலி அம்மனைத் தரிசித்துவிட்டு மேலே ஏறும் வழியில் மகேந்திரவர்மப் பல்லவனின் குடைவரை இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டு வேலை. சடையை ஏந்திக் கங்கையை வாங்கிக்கொள்கிற சிவனின் சிற்பம் அங்கே உண்டு. பார்க்கிறவர்கள் அதன் அழகில் நின்றுவிடுவார்கள். அம்மாவுக்கு மட்டும் ஒரே கவலை: "ஈரத் தலையோடவே நிக்கிறான், யாராவது துவட்டிவிடக் கூடாதா?"

உச்சிப் பிள்ளையார் சன்னதிக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. விபீஷணன் இலங்கைக்குக் கொண்டுபோன ரங்கநாதரைக் காவிரிக் கரையிலேயே இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்த பிள்ளை இவர். துரத்தி வந்தவன் தலையில் குட்டினான். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது என்பார்கள். அம்மா இங்கே எதையும் வேண்டிக்கொள்ள மாட்டாள். கை கூப்பி, "இன்னும் வலிக்குதாப்பா?" என்று கேட்பாள். கொஞ்ச நேரம் காத்திருப்பாள். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, "பரவாயில்லையாம்" என்பாள். வருஷா வருஷம் இதேதான். அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

நான் கேட்டேன். அம்மா நிற்கிற அளவுக்கு நின்றேன்.

வெளியே வந்தால் கீழே காவிரி, அதற்கப்பால் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம். காற்று பலமாக அடித்தது. தங்கை தன் துப்பட்டாவின் ஒரு முனையை இழுத்து என் தலையில் போட்டு, "உனக்குக் காத்து ஆகாதுக்கா" என்றாள்.

காது வலி அவளுக்குத்தான். நான் தலையைக் குனிந்துகொடுத்தேன்.