ரெப்ளிகா நின்றுபோனால்: 1062-இல் தொடங்கி சனிக்கிழமைச் சம்பளம் வரை

திருப்பூரில் ஆபீஸ், பெருந்துறையில் பிராசசிங் யூனிட். ஆபீஸ் சர்வரில் மைஎஸ்க்யூஎல் 8.0 டேட்டாபேஸ் சோர்ஸாக (மூலமாக) ஓடுகிறது, யூனிட்டில் அதன் தானியங்கி நகலான ரெப்ளிகா. டெலிவரி சலான், டையிங் லாட், பீஸ் ரேட் கூலி எல்லாம் ஒரே டேட்டாபேஸில். பனியன் கம்பெனிகளில் இது சாதாரண அமைப்புதான். இதில் ரெப்ளிகேஷன் (நகலெடுப்பு) 1062 என்ற டூப்ளிகேட் கீ எரரில் நின்றது. சரிசெய்யப் போனபோது ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பியவற்றை அதே வரிசையில் தருகிறோம். கமாண்ட் பெயர்கள் 8.0.22-க்குப் பிந்தையவை. பழைய பதிப்பில் ரெப்ளிகா என்ற இடத்தில் ஸ்லேவ், சோர்ஸ் என்ற இடத்தில் மாஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மரியாடிபியில் ஜிடிஐடி (ஒன்றாகச் சேமிக்கப்படும் மாற்றங்களின் தொகுப்பான டிரான்சாக்‌ஷன் ஒவ்வொன்றுக்கும் உரிய அடையாள எண்) அமைப்பே வேறு, அதனால் அந்தப் பகுதியை அங்கே அப்படியே போட்டுப் பார்க்க வேண்டாம்.

முதல் வேலை ஷோ ரெப்ளிகா ஸ்டேட்டஸ். அதில் ஐஓ ரன்னிங் யெஸ், எஸ்க்யூஎல் ரன்னிங் நோ என்று இருந்தால், பின்லாக் (சோர்ஸின் மாற்றப் பதிவு) ஆபீஸிலிருந்து வந்து சேர்கிறது, டேபிளில் போடும்போதுதான் தகராறு என்று அர்த்தம். ஐஓ கனெக்டிங் என்றே நின்றால் லைன் அல்லது பாஸ்வேர்டு; நோ என்றால், தேவையான பின்லாக் சோர்ஸில் ஏற்கெனவே அழிந்திருக்கலாம், அதற்கு 1236 என்ற எரர் வரும். எங்களுடையது முதல் வகை. பல வொர்க்கர் ஓடும் ரெப்ளிகாவில் லாஸ்ட் எஸ்க்யூஎல் எரர் என்ற இடத்தில் ‘வொர்க்கரில் பிழை, கோஆர்டினேட்டர் நின்றது’ என்ற அளவுக்குத்தான் இருக்கும். முழு விவரம் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவுக்குள் ரெப்ளிகேஷன் அப்ளையர் ஸ்டேட்டஸ் பை வொர்க்கர் என்ற டேபிளில் கிடக்கும். எந்த டேபிள், எந்த கீ, எந்த ஜிடிஐடி என்பதெல்லாம் அங்கேதான். எங்களுக்கு வந்தது: சலான் ஹெட் டேபிள், பிரைமரி கீ (வரியின் தனி அடையாள எண்) 48213, டூப்ளிகேட்.

இந்த இடத்தில் எல்லோர் வாயிலும் வருவது ஒன்றுதான்: “ஸ்கிப் பண்ணி உட்டுருங்க, ஓடிரும்.” ஓடும், உண்மைதான். ஜிடிஐடி போட்டிருந்தால் ஸ்கிப் கவுண்டர் வேலை செய்யாது, அந்த ஜிடிஐடி எண்ணில் காலி டிரான்சாக்‌ஷன் ஒன்றைப் போட்டுத் தாண்டுவார்கள். தாண்டுவது ஒரு வரியை அல்ல, முழு டிரான்சாக்‌ஷனை. ஒரு சலான் என்றால் ஹெட்டில் ஒரு வரி, லைன் டேபிளில் ரோல் ரோலாகப் பதினான்கு வரி இருக்கலாம். இடித்தது ஒன்று, போவது பதினைந்தும். பிறகு அந்தச் சலானில் எடை திருத்தும்போது, திருத்த வேண்டிய வரியே இல்லை என்று 1032 வரும். அதையும் ஸ்கிப் செய்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும். ஸ்லேவ் ஸ்கிப் எரர்ஸ் என்பதில் ‘ஆல்’ என்று கான்ஃபிக் ஃபைலிலேயே போட்டு வைப்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட ரெப்ளிகாவை ரிப்போர்ட்டுக்குக்கூட நம்பக் கூடாது என்பது எங்கள் கருத்து. ஐடெம்பொடன்ட் மோடும் 1062, 1032 இரண்டையும் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். நின்றுபோன ரெப்ளிகாவாவது எந்த இடத்தில் நின்றது என்று சொல்கிறதே.

ஸ்கிப் வேண்டாம் என்றால் பின்லாக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்பின்லாக் கருவியில் பேஸ்64 அவுட்புட்டுக்கு டீகோட் ரோஸ் என்றும், கூடவே இரண்டு வி-யும் கொடுத்தால், ரோ ஃபார்மட்டில் இருப்பதைப் படிக்கும்படி காட்டும். நெடுவரிசைப் பெயர் வராது. @1, @2 என்று டேபிளில் உள்ள வரிசைப்படி வரும். டேபிள் அமைப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றொன்றாகப் பொருத்த வேண்டும். சோர்ஸ் பின்லாக்கில் 48213 ஒரு காம்பாக்டிங் (துணிச் சுருக்கத்தைச் சரிசெய்யும்) பார்ட்டிக்குப் போன சலான். ரெப்ளிகாவில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த 48213 யூனிட்டிலிருந்து போன வேறு சலான். இரண்டும் நிஜச் சரக்கு. இரண்டு பக்கமும் ஒரே வரியாக இருந்தால் ரெப்ளிகாவில் இருப்பதை அழித்துவிட்டு ஸ்டார்ட் ரெப்ளிகா கொடுத்தால் முடிந்தது. இங்கே அப்படிச் செய்தால் ஒரு லோடு துணிக்குக் கணக்கே இருக்காது.

லைன் கட்டான நேரத்தில் யூனிட்டில் பில்லிங் நிற்கக் கூடாதென்று ஓடிபிசி (டேட்டாபேஸ் இணைப்பு) செட்டிங்கில் ஐபியை ரெப்ளிகாவுக்கு மாற்றியதுதான் இதன் மூலம். ரீட் ஒன்லி போட்டிருந்தும் எழுத முடிந்ததற்குக் காரணம், அப்ளிகேஷன் உள்ளே போன யூசருக்கு சூப்பர் உரிமை இருந்தது. ரீட் ஒன்லி அவரைத் தடுக்காது. தடுப்பது சூப்பர் ரீட் ஒன்லி, அது 5.7.8-லிருந்தே இருக்கிறது.

அங்கே எழுதியது மொத்தம் எவ்வளவு? ஜிடிஐடி இருந்தால் இது சுலபம். ரெப்ளிகாவின் எக்ஸிக்யூட்டட் ஜிடிஐடி செட்டிலிருந்து சோர்ஸின் செட்டை ஜிடிஐடி சப்ட்ராக்ட் ஃபங்க்‌ஷனால் கழித்தால், மிச்சம் நிற்பதுதான் ரெப்ளிகாவில் தனியாக எழுதப்பட்டவை. அவற்றின் முன்னால் ரெப்ளிகாவின் சொந்த யூயூஐடி (சர்வர் அடையாளம்) இருக்கும். அந்த எண்களை மட்டும் இன்க்ளூட் ஜிடிஐடிஸ் ஆப்ஷனில் கொடுத்து ரெப்ளிகாவின் பின்லாக்கைப் பிரித்தால், யூனிட்டில் போட்ட ஒவ்வொரு சலானும் வரி பிசகாமல் கிடைக்கும்.

செய்த வரிசை இது. அந்தச் சலான்களை ஹெட், லைன் இரண்டோடும் சேர்த்து டம்ப் (நகல் ஃபைல்) எடுத்துத் தனியாக வைக்க வேண்டும். ரெப்ளிகாவில் சூப்பர் ரீட் ஒன்லி ஏற்கெனவே போட்டிருந்தால் அதை மட்டும் ஆஃப் செய்யலாம், ரீட் ஒன்லி அப்படியே இருக்கட்டும். அந்த செஷனில் எஸ்க்யூஎல் லாக் பின் சுழியம் ஆக்க வேண்டும். மறந்தால் இந்த அழிப்பே இன்னொரு தனி ஜிடிஐடியாகப் பதிவாகிவிடும். பிறகு முதலில் லைன் வரிகள், அடுத்து ஹெட். ஹெட்டை மட்டும் அழித்தால், யூனிட் சலானின் லைன்கள் 48213 என்ற எண்ணோடு அப்படியே கிடந்து, காம்பாக்டிங் பார்ட்டியின் சலான் வந்ததும் அதனோடு ஒட்டிக்கொள்ளும். பிரின்ட் எடுத்தால் போகாத ரோலெல்லாம் போனதாக வரும். அழித்து முடித்ததும் ஸ்டார்ட் ரெப்ளிகா. தேங்கியது எல்லாம் போய் முடிந்ததும் டம்ப்பில் உள்ளவற்றை சோர்ஸில் புது எண்ணில் ஏற்ற வேண்டும், அவை வழக்கம்போல ரெப்ளிகாவுக்கு வந்து சேரும். கடைசியாக, முன்பு மிச்சம் நின்ற ஜிடிஐடிகளுக்கு சோர்ஸில் காலி டிரான்சாக்‌ஷன் போட வேண்டும். விட்டுவைத்தால் இன்று ஒன்றும் ஆகாது. என்றாவது ரெப்ளிகாவை சோர்ஸாக மாற்றும் நாளில் 1236-ஆக வந்து நிற்கும். எல்லாம் முடிந்தபின் சூப்பர் ரீட் ஒன்லியை செட் பெர்சிஸ்ட் கொடுத்து நிலையாகப் போட்டோம். அப்ளிகேஷன் யூசரிடமிருந்து சூப்பரையும் பிடுங்கிவிட்டோம்.

பார்ட்டி கையில் ஏற்கெனவே பிரின்ட் ஆன சலான் நம்பர் இருக்குமே என்று அக்கவுண்ட்ஸில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சலான் நம்பரையும் பிரைமரி கீயையும் ஒன்றாக வைத்ததால் வந்த வினை இது. ஜிஎஸ்டி விதி 55, சலானுக்கு 16 எழுத்துக்கு மிகாத தொடர் எண்ணைக் கேட்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட சீரீஸ் வைத்துக்கொள்ளவும் அனுமதிக்கிறது. யூனிட்டுக்குத் தனி முன்னெழுத்தோடு ஒரு சீரீஸ் போட்டு, அதைத் தனி நெடுவரிசையில் யூனிக் கீயோடு வைத்து, ஆட்டோ இன்க்ரிமென்டை உள் எண்ணாக மட்டும் விட்டோம். இனி உள் எண் மாறினாலும் பார்ட்டிக்குத் தெரியாது.

ஓடுகிறது என்பதால் இரண்டு பக்கமும் ஒன்று என்று ஆகிவிடாது. பெர்கோனா டூல்கிட்டின் பிடி டேபிள் செக்சம் சோர்ஸில் ஓடி, டேபிளைத் துண்டு துண்டாகக் கூட்டுத்தொகை எடுத்து, அதே கணக்கை ரெப்ளிகாவிலும் போட வைக்கிறது. நைட் ஷிஃப்டில் என்ட்ரி குறைவான நேரம் பார்த்து ஓட்டுங்கள். வித்தியாசம் வந்தால் பிடி டேபிள் சிங்க்கை முதலில் பிரின்ட் ஆப்ஷனில் மட்டும் ஓட்டி, என்ன செய்யப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எக்ஸிக்யூட். எக்சலிலிருந்து ஏற்றிய டை ரெசிபி டேபிள் ஒன்றில் பிரைமரி கீயே இல்லை. ரோ ஃபார்மட்டில் இப்படிப்பட்ட டேபிளில் பெரிய அப்டேட் ஓடினால், வரியைத் தேட ரெப்ளிகா டேபிளையே அலச வேண்டியிருக்கும், லேக் (பின்தங்கல்) ஏறிக்கொண்டே போகும். 8.0.13-இல் வந்த எஸ்க்யூஎல் ரிக்வயர் பிரைமரி கீ செட்டிங்கைப் போட்டால் இனி கீ இல்லாத டேபிளை உருவாக்கவே விடாது.

செக்சம் சுத்தமாக வந்தும் சம்பளக் கணக்கு இடித்தது. ரெப்ளிகேஷன் தப்பையும் அச்சு அசலாக நகலெடுக்கும். இரண்டு பக்கமும் ஒரே தப்பு இருந்தால் செக்சமுக்கு அது தெரியாது. சனிக்கிழமைக் கூலி போடும் ஸ்டோர்டு புரொசீஜரில் (டேட்டாபேஸுக்குள் இருக்கும் நிரலில்) கர்சர் (வரி வரியாகப் படிப்பது), நாட் ஃபவுண்டுக்கு (வரி கிடைக்காதபோது) கன்டினியூ ஹேண்ட்லர், உள்ளே டன் என்ற வேரியபிளை 1 ஆக்குவது. பாடப்புத்தக வடிவம். லூப்புக்குள் ஒவ்வொருவருக்கும் ஆபரேஷன் ரேட்டை செலக்ட் இன்டு கொண்டு எடுக்கிறது. புது ஸ்டைலில் ஓவர்லாக்குக்கு ரேட் ஏற்றாமல் விட்டிருந்தால் அந்த செலக்ட்டும் நாட் ஃபவுண்ட்தான், அதே ஹேண்ட்லர் டன்னை 1 ஆக்குகிறது, லூப் அங்கேயே முடிகிறது. அவருக்குப் பின்னால் லிஸ்டில் இருக்கும் எவருக்கும் கூலி இல்லை, எரரும் இல்லை. செலக்ட் இன்டுவைத் தனி பிகின் எண்டுக்குள் வைத்து அதற்கென்று ஒரு ஹேண்ட்லர் கொடுத்தால் தீரும். எங்களுக்குப் பிடித்தது கர்சரையே எடுத்துவிட்டு ஒரே இன்சர்ட் செலக்டாக எழுதுவது. ரேட் இல்லாதவர்களை முன்கூட்டியே லெஃப்ட் ஜாயினில் கண்டுபிடித்து, 45000 (நாமே எழுப்பும் எரர்) சிக்னல் கொடுத்து நிறுத்திவிடலாம்.

அதே புரொசீஜரில் எஸ்க்யூஎல் எக்செப்‌ஷனுக்கு இருந்த ஹேண்ட்லர், ரோல்பேக் செய்துவிட்டு (செய்த மாற்றங்களைத் திரும்ப எடுத்துவிட்டு) ‘பிழை’ என்று ஒரு செலக்ட் மட்டும் கொடுத்தது. அப்ளிகேஷனுக்கு அது வெற்றிகரமாக வந்த ரிசல்ட் செட்தான், அதனால் ஸ்கிரீனில் ‘சேவ் ஆனது’ என்று காட்டியது. சரியான வரிசை: கெட் டயக்னாஸ்டிக்ஸ் கொடுத்து எரர் எண்ணையும் மெசேஜையும் வேரியபிளில் பிடிப்பது, ரோல்பேக், பிழை லாக் டேபிளில் இன்சர்ட், கடைசியில் ரீசிக்னல் (எரரை அப்ளிகேஷனுக்கே அனுப்புவது). லாக் இன்சர்ட்டை ரோல்பேக்குக்கு முன்னால் போட்டால் அதுவும் சேர்ந்தே அழிந்துவிடும்.

1205-ஐயும் 1213-ஐயும் அப்ளிகேஷனில் ஒரே மாதிரி பிடித்து வைத்திருந்தார்கள். 1213 டெட்லாக் (ஒன்றுக்கொன்று காத்து மாட்டிக்கொள்வது), முழு டிரான்சாக்‌ஷனும் ரோல்பேக் ஆகிவிடும். 1205 லாக் வெயிட் டைம்அவுட்; இயல்பாக 50 நொடி காத்துவிட்டு, அந்த ஒரு ஸ்டேட்மென்ட் மட்டும்தான் ரோல்பேக். முன்னால் போனவை திறந்தபடியே நிற்கும். எரரைப் பிடித்து மேலே போய் கமிட் அடித்தால் சலான் ஹெட் இருக்கும், ஸ்டாக் கழியாது. 1213-இல் கடைசி ஸ்டேட்மென்டை மட்டும் மறுபடி ஓட்டினால் நேர் எதிராக ஸ்டாக் கழியும், சலான் இருக்காது. இரண்டுக்கும் ஒரே மருந்து: நாமே ரோல்பேக் கொடுத்து, ஓரிரு நொடி விட்டு, டிரான்சாக்‌ஷனை ஆரம்பத்திலிருந்து ஓட்டுவது. மூன்று முறை பார்த்தும் முடியாவிட்டால் யூசரிடம் எரரைக் காட்டிவிடலாம். இன்னோடிபி ரோல்பேக் ஆன் டைம்அவுட் செட்டிங்கை ஆன் செய்தால் 1205-இலும் முழுதாக ரோல்பேக் ஆகும், ஆனால் சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையன்று யூபிஎஸ் பேட்டரி இறங்கி மெஷின் படாரென்று ஆஃப் ஆவது நம் பக்கம் சகஜம். சோர்ஸில் சிங்க் பின்லாக் 1, இன்னோடிபி ஃப்ளஷ் லாக் அட் டிரான்சாக்‌ஷன் கமிட் 1 இரண்டையும் வேகத்துக்காகக் குறைக்காதீர்கள். குறைத்தால், சோர்ஸ் டிஸ்கில் இறங்காத டிரான்சாக்‌ஷன் ரெப்ளிகாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், கரண்ட் வந்ததும் ரெப்ளிகா முன்னால் நிற்கும். ரெப்ளிகாவில் ரிலே லாக் ரிகவரி ஆனில் இருக்கட்டும். பாதியில் அறுந்த ரிலே லாக்கை (ரெப்ளிகா வாங்கி வைத்த பின்லாக் நகலை) விட்டுவிட்டு, மறுபடி சோர்ஸிலிருந்தே இழுத்துக்கொள்ளும்.

செகண்ட்ஸ் பிஹைண்ட் சோர்ஸ் சுழியம் காட்டுவதை வைத்து மட்டும் அலர்ட் போட வேண்டாம். லைன் அறுந்த விஷயம் ஐஓ திரெட்டுக்குத் தெரிய, ரெப்ளிகா நெட் டைம்அவுட் இயல்பாக 60 நொடி எடுக்கும், பழைய 5.6-இல் 3600. அதுவரை சுழியம்தான் காட்டும். நின்றுபோனால் நல் (NULL, மதிப்பே இல்லை) காட்டும். நல்லை 0-வாக எடுத்துக்கொள்ளும் ஸ்கிரிப்டுகளும் உலவுகின்றன. சோர்ஸில் நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தை எழுதும் ஒரு சின்ன ஹார்ட்பீட் டேபிள் வைத்து, ரெப்ளிகாவில் அந்த நேரம் எவ்வளவு பழையது என்று பாருங்கள். இரண்டு மெஷினிலும் என்டிபி (நேரத்தைச் சரியாக வைக்கும் சேவை) ஓட வேண்டும். மூன்று நிமிடத்துக்கு மேல் பழசானால் யூனிட் சூப்பர்வைசர் போனுக்கு மெசேஜ் போகிறபடி வைத்திருக்கிறோம். அவர் முதலில் பார்ப்பது ரவுட்டர் லைட்டை.