எல்லையில் உருவாகும் மூளை

மார்ச் 4, செவ்வாய்

திருகோணமலை உவர்மலை வகுப்பில் இன்று மூளை விருத்தி. கருவில் மூளையாக மாறப்போகும் நரம்புக் குழாயில் முன்மூளை, நடுமூளை, பின்மூளை என்று மூன்று வீக்கங்களை வரைந்து முடிக்கவும், கிண்ணியாவிலிருந்து வரும் பிள்ளை கேட்டாள்: "ஒரே குழாய்தானே சேர், எந்த இடம் சிறுமூளை ஆகணும் என்று அந்தக் கலங்களுக்கு யார் சொல்றது?" பரீட்சைக்கு வராது என்று தட்டிவிடுகிற கேள்வியா இது? வியாழன் முழுசாகச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 5, புதன்

இரவு கரண்ட் போகும்வரை வாசித்தேன். குழாயின் முன்பக்கக் கலங்களில் ஒட்டெக்ஸ்2 என்ற பரம்பரையலகு (ஜீன்) வேலை செய்கிறது, பின்பக்கத்தில் ஜிபிஎக்ஸ்2. ஒன்றை ஒன்று அடக்குவதால் நடுமூளைக்கும் பின்மூளைக்கும் நடுவே கூரான எல்லை விழுகிறது. அந்த எல்லைதான் பிறகு பேச ஆரம்பிக்கிறது. அதன் முன்விளிம்பு விண்ட்1 புரதத்தையும், பின்விளிம்பு எஃப்ஜிஎஃப்8 புரதத்தையும் சுரக்கும். சாம்பிராணிப் புகை மாதிரி, கிட்ட அடர்த்தி, எட்ட மெல்லிசு. எஃப்ஜிஎஃப்8 கடுமையாகப் பட்ட கலங்கள் பின்மூளையில் வரும் சிறுமூளைக்கும், குறைவாகப் பட்டவை நடுமூளைக்கும் போகின்றன.

1996இல் செய்த பரிசோதனைதான் என்னை அசத்தியது. கோழி முட்டை ஓட்டில் சன்னல் வெட்டி, எஃப்ஜிஎஃப்8இல் ஊறிய நுண்மணி ஒன்றை முளையத்தின் முன்மூளையின் பின்பகுதியில் வைத்தார்கள். அங்கே நடுமூளை முளைத்தது! மணிக்குள் இருந்தது ஒரேயொரு புரதம். மீதியைக் கலங்களே செய்துகொண்டன.

மார்ச் 6, வியாழன்

வகுப்பில் சொன்னேன். விண்ட்1 இல்லாத எலிக்குட்டிகளுக்கு நடுமூளையும் சிறுமூளையும் பெரும்பாலும் உருவாவதில்லை என்று 1990இலேயே கண்டிருந்தார்கள். 1999இல் எலியில் ஒட்டெக்ஸ்2இன் எல்லையைப் பின்னுக்குத் தள்ளினார்கள். நடுமூளை நீண்டது, சிறுமூளை குறுகியது. முன்கூட்டியே அளந்துவைத்த இடம் என்று சிறுமூளைக்கு எதுவுமில்லை. எல்லை எங்கே விழுகிறதோ அங்கிருந்துதான் அதன் கணக்கு. கேட்ட பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாடம் நடத்துவதில் எனக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை.

மார்ச் 8, சனி

பக்கத்து வீட்டு மாமியின் கோழி அடைகிடக்கிறது. "தம்பி, கூழ்முட்டை எது என்று பார்த்துத் தா" என்று கூப்பிட்டார். அறையை இருட்டாக்கி, போன் லைட்டில் ஒவ்வொரு முட்டையாகப் பிடித்தோம். நாலு நாளான முட்டை ஒன்றில் சிவப்பு இரத்தக் குழாய்கள் சிலந்தி வலையாய் விரிந்திருந்தன. நடுவில் கறுப்புப் புள்ளி, அதுதான் கண். அந்தத் தலைக்குள் எல்லை ஏற்கெனவே விழுந்துவிட்டது என்று மாமிக்குச் சொன்னேன். மெல்ல வாங்கிக் கோழிக்கடியில் வைத்தார்.

மார்ச் 11, செவ்வாய்

அதே பிள்ளை: "முன்மூளைக்குள்ளயும் எல்லை இருக்கா சேர்?" இருக்கிறது. புலன் செய்திகளைக் கடத்தும் தலமசு என்ற பகுதிக்கும் அதற்கு முன்னுள்ள பகுதிக்கும் நடுவே ஒரு மெல்லிய வரி சோனிக் ஹெட்ஜ்ஹொக் புரதத்தைச் சுரக்கிறது. அடுத்த வகுப்புக்கு அதைப் பெரிதாக வரையவேண்டும்.