அக்கி ஆறிய பின்னும் ஆறாத வலி

கடந்த ஆவணியில் இடப்பக்க விலாவில் எனக்கு அக்கி கண்டது. கொப்புளங்கள் 3 வாரங்களில் காய்ந்து உதிர்ந்துவிட்டன. ஆனால் அவை இருந்த இடத்தில், முதுகுத்தண்டிலிருந்து மார்பின் அடிப்பகுதி வரை நான்கு விரற்கடை அகலத்திற்கு, எரிச்சல் மட்டும் 4 மாதங்களாகியும் அடங்கவில்லை. அழுத்திப் பிடித்தால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. இரவிக்கைத் துணி லேசாக உரசினால்தான் உயிர் போகிறது. மின்விசிறிக் காற்றுக்கூடப் பொறுக்காததால், இரவில் தலையணை உறை ஒன்றை நனைத்துப் பிழிந்து, அந்த இடத்தின் மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுப்பேன். அது உலர்ந்ததும் விழிப்பு வந்துவிடும். மணி பெரும்பாலும் இரண்டாக இருக்கும்.

சிறுவயதில் எனக்குச் சின்னம்மை போட்டிருந்தது. அம்மை இறங்கினாலும் அந்தக் கிருமி உடலை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்து, எதிர்ப்புச் சக்தி தளரும் வயதில் ஒரு நரம்பின் வழியே வெளிப்படுவதுதான் அக்கி. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்திற்குள் அசைக்ளோவிர் போன்ற மாத்திரையைத் தொடங்கிவிடுவது நல்லது. நானோ ஊர் வழக்கப்படி மண்பாண்டம் வனைபவர் வீட்டுக்குச் சென்று, செங்காவி குழைத்து மூன்று நாள் அக்கி எழுதிக்கொண்டேன். எழுதியவர் அன்போடுதான் எழுதினார். அந்தக் குளிர்ச்சியும் இதமாக இருந்தது. ஆனால் மருத்துவரிடம் போனது ஐந்தாம் நாள். அந்தத் தாமதம் இன்னும் என் மனத்தை உறுத்துகிறது. உங்கள் வீட்டில் எவருக்கேனும் அக்கி கண்டால், எழுதிக்கொள்வதானாலும் அன்றே மருத்துவரையும் பார்த்துவிடுங்கள்.

பாரசிட்டமால் இந்த வலியைத் தொடவே இல்லை என்றதும், இரவுக்கு ஒன்றாக 75 மி.கி. பிரிகாபலின் எழுதிக் கொடுத்தார்கள். வாங்கி வந்து, பிரிக்காமலேயே 9 நாட்கள் எவர்சில்வர் டப்பாவில் வைத்திருந்தேன். "இது வலிப்புக்குக் கொடுக்கிற மாத்திரைம்மா" என்று மருந்துக் கடைத் தம்பி சொன்னது ஒரு காரணம். "பழகிட்டா விட முடியாதுக்கா" என்று தங்கை தொலைபேசியில் எச்சரித்தது இன்னொன்று. எல்லாவற்றையும் விட, மாலையில் ஆறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரும் எனக்கு, மாத்திரையால் அறிவு மந்தமாகிவிடுமோ என்ற பயமே பெரிதாக இருந்தது.

ஐயங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மீண்டும் மருத்துவரைப் பார்த்தேன். வலிப்பில் மூளையின் நரம்பணுக்கள் கட்டுக்கடங்காமல் துடிப்பதைப் போலவே, காயம்பட்ட நரம்பும் காரணமின்றி வலிச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கிறது என்றும், மருந்து அந்தத் துடிப்பைத் தணிக்குமே தவிர நரம்பைக் குணமாக்காது என்றும் பொறுமையாக விளக்கினார். எல்லோருக்கும் இது பலன் தருவதில்லை. வலி பாதியாகக் குறைந்தாலே நல்ல பலன். அமிட்ரிப்டிலின் என்ற மாற்று மருந்து வாய் வறட்சியும் மலச்சிக்கலும் தருவதோடு, என் வயதில் தலைசுற்றி விழவும் வைக்கக்கூடும் என்பதால் அதைத் தவிர்த்தார். பிரிகாபலின் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால் அதன் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் என்ற இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். பிரிகாபலினைப் போலவே, இரத்த அழுத்தத்திற்கு நான் சாப்பிடும் அம்லோடிபினும் கால் வீக்கம் தரக்கூடியது என்பதைக் கவனித்து, காலைப் பார்த்துவரச் சொன்னார். சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைத்துத்தான் விட வேண்டும் என்றபோது, தங்கையின் அச்சத்திலும் உண்மை இருப்பது புரிந்தது.

ஆனாலும் என்னை முடிவெடுக்க வைத்தது நாலாம் வகுப்புப் பையன் ஒருவன். 503-இலிருந்து 267-ஐக் கழித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். "டீச்சர், கடன் வாங்கினதைக் குறைக்கலையே" என்றான். பார்த்தால், பலகையில் 336 என்று எழுதியிருக்கிறேன். முப்பது ஆண்டுகளாகச் சொல்லித் தரும் கணக்கு. நாட்காட்டியில் குறித்துவந்த 9 இரவுகளில் ஒன்றில்கூட நான் 4 மணி நேரத்திற்கு மேல் தூங்கியிருக்கவில்லை. மாத்திரை தருமென்று நான் அஞ்சிய மந்தத்தைத் தூக்கமின்மை முன்பே தந்துவிட்டிருந்தது.

அன்றிரவு எட்டரை மணிக்கு முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். 6 வாரம் பார்ப்பது, பலனில்லையென்றால் மருத்துவர் சொல்லும் முறையில் குறைத்து விட்டுவிடுவது என்று அவரிடம் பேசி வைத்திருக்கிறேன். முதல் மூன்று நாட்கள் காலையில் எழுந்ததும் தள்ளாடியது; சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கொல்லைப்புறம் போனேன். இப்போது 11 இரவுகள் ஆகின்றன. கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறேன், குழி விழவில்லை. எரிச்சல் இருக்கத்தான் செய்கிறது. நேற்று விழித்தபோது உறை உலர்ந்து வெகுநேரமாகியிருந்தது, மணி நாலரை.