ஒரு ஏட்டில் கைவைக்கும் முன்

சுவடிப் பாதுகாப்புப் பயிற்சிக்கு வரும் விண்ணப்பங்களில், ‘ஏன் சேர விரும்புகிறீர்கள்’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் இருக்கும். முன்னோர் விட்டுச் சென்ற செல்வம், அழியாமல் காக்க வேண்டிய கடமை, தமிழ் மேல் உள்ள பற்று. மனதார எழுதியவைதான். ஆனால் எழுதியவரின் கை எப்படிப்பட்டது என்று அதிலிருந்து ஒன்றும் தெரியாது. ‘வீட்டில் இருந்த ஒரு சுவடியில் முப்பது ஏடுகளை உலர்ந்த தூரிகையால் மட்டும் துடைத்தேன், ஏழாவது ஏட்டின் ஓரம் நொறுங்கத் தொடங்கியதால் அதை அப்படியே விட்டுவிட்டேன்’ என்று இரண்டு வரி இருந்தால் அந்த விண்ணப்பம் தனியாக எடுத்து வைக்கப்படும். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த கைக்கு மற்றதையெல்லாம் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

எங்கே விண்ணப்பிப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லக்னோவில் 1976-இல் தொடங்கிய தேசியப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பு ஆய்வகம் ஆறு மாதப் பயிற்சி நடத்தி வந்திருக்கிறது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புக் கூடம் 1930-இல் எஸ். பரமசிவன் பொறுப்பில் தொடங்கியது. செப்புத் திருமேனிகளைப் பச்சைக் களிம்பிலிருந்து மீட்கும் வேலை நம் ஊரில் வளர்ந்தது அந்தக் கூடத்தில்தான். 2003-இல் தொடங்கிய தேசியச் சுவடிகள் இயக்கம் பல ஊர்களில் பாதுகாப்பு மையங்களை ஏற்படுத்தி, குறுகிய காலப் பட்டறைகளையும் நடத்தியது. ஓரளவு அனுபவம் சேர்ந்த பிறகு, ரோமில் உள்ள, பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பான இக்ரோமும் தோக்கியோவின் பண்பாட்டுச் சொத்து ஆய்வு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் ஜப்பானியத் தாள் பயிற்சிக்கு முயலலாம். அதில் இடம் மிகக் குறைவு, உலகம் முழுவதிலிருந்தும் போட்டி. தகுதி, வயது, கட்டணம் எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்க்காமல் பழைய படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டாம்.

வேதியியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை இருப்பது உண்மை. அதற்காகத் தமிழ் இலக்கியமோ வரலாறோ படித்தவர்கள் ஒதுங்க வேண்டியதில்லை. அவர்களிடம் இருக்கும் ஒரு திறமையை அவர்களே பெரும்பாலும் எழுதாமல் விடுகிறார்கள்: சுவடி வாசிக்கத் தெரியும் என்பது. ஏட்டின் இடது ஓரத்தில் தமிழ் எண்ணில் ஏட்டெண் இருக்கும். ௰௨ என்றால் பன்னிரண்டு, ௨௰ என்றால் இருபது. கயிறு அற்றுப்போன சுவடிக் கட்டைத் துடைத்து அடுக்கும்போது இந்த வேறுபாடு தெரியாதவர் இருபதாம் ஏட்டைப் பன்னிரண்டாம் இடத்தில் வைத்துவிடுவார். ஏடு பளிச்சென்று இருக்கும், நூல் குழம்பிப்போயிருக்கும். ௭ என்ற எண்ணையும் எகரத்தையும், ௮ என்ற எண்ணையும் அகரத்தையும் இடம் பார்த்துப் பிரித்தறியத் தெரிந்தால் அதை விண்ணப்பத்தில் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். கிரந்தம் வாசிப்பீர்கள் என்றால் அதையும்.

பயிற்சியில் முதல் வாரம் என்ன செய்யச் சொல்வார்கள் என்று தெரிந்துகொண்டு விண்ணப்பிப்பது நல்லது. கட்டை அவிழ்ப்பதே ஒரு பாடம். சுவடியில் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்றில் செருகியிருக்கும் செப்புக் கம்பியோ மூங்கில் குச்சியோ நாராசம். இன்னொன்றின் வழியே கயிறு ஓடும். கயிற்றின் தலைப்பில் ஈர்க்கோடு நறுக்கிக் கோத்த ஓலைத் துண்டு கிளிமூக்கு. அவிழ்க்கும் முன் கட்டை நான்கு பக்கமும் படம் எடுக்க வேண்டும்: பக்கத்தில் அளவுகோல், ஒரே வெளிச்சம். பிறகு ஏடுகளை எண்ணி, நீளம் அகலம் அளந்து, பனையா தாளிப்பனையா என்று குறிக்க வேண்டும். தாளிப்பனை ஓலை மெல்லியது, அகலமானது, வளைந்து கொடுக்கும். பனையோலை தடிப்பு, முதுமையில் விறைத்து, வளைத்தால் ஒடியும். இரண்டையும் ஒரே மாதிரி கையாள முடியாது.

துடைப்பது உலர் முறையில் தொடங்கும். கண்ணாடிப் பலகை, அதன்மேல் ஒற்றுத்தாள், அதன்மேல் ஒரே ஒரு ஏடு. மென்மயிர்த் தூரிகையை ஏட்டின் நரம்பு ஓடும் திசையிலேயே, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கொண்டுபோக வேண்டும். குறுக்கே தேய்த்தால் நார் கிளம்பும். ராமபாணப் பூச்சி துளைத்த கட்டு என்றால் துளைகளிலிருந்து மஞ்சள் பொடி கொட்டும். துளைச் சுவரில் எழுத்தின் கால் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கலாம், அதனால் அந்த இடத்தில் ஊதக் கூடாது. உலர் துடைப்பு போதாதபோதுதான் ஈரம். எத்தில் ஆல்கஹாலும் வாலைவடி நீரும் (காய்ச்சி வடித்த நீர்) சம அளவு கலந்து, பஞ்சைக் குச்சியில் சுற்றி, நனைத்து, பிழிந்து, ஏட்டின் மேல் உருட்ட வேண்டும். உருட்ட வேண்டும் என்றுதான் சொல்கிறேன், தேய்க்க அல்ல. பஞ்சு கறுத்ததும் மாற்ற வேண்டும். கறுத்த பஞ்சு எடுத்த அழுக்கையே திரும்பப் பூசும். தனி ஆல்கஹால் ஓலையின் ஈரப்பதத்தை உறிஞ்சி விறைக்க வைக்கும். தண்ணீர் மட்டும் என்றால் ஓலை ஊறி நெளியும். சம அளவு என்று வந்தது அதனால்தான்.

தமிழ்ச் சுவடிகளில் எழுத்தாணியால் கீறிய எழுத்துக்குள் கரி தங்கியிருப்பதால் இந்தத் துடைப்பைத் தாங்கும். ஆனால் பிற்காலத்தில் யாரோ மையால் எழுதிய ஏட்டெண், நூலகப் பதிவெண், ஓரக்குறிப்பு இவற்றை அதே கலவை ஒரு நொடியில் கரைத்துவிடும். ஆகவே ஓரத்தில், எழுத்தில்லாத மூலையில் முதலில் சோதனை. மை தெரிந்த இடத்தில் பஞ்சே போகக் கூடாது.

அடுத்தது மையாடல், அதாவது கீறிய எழுத்தில் கரி ஏற்றிக் கண்ணுக்குத் தெரிய வைப்பது. பழங்காலத்தில் மஞ்சள், வசம்புக் கரி, ஊமத்தையிலைச் சாறு, மாவிலைக் கரி என்று பூசினார்கள். இன்று விளக்குப்புகைக் கரியும் எலுமிச்சைப்புல் எண்ணெயும். இந்த எண்ணெயைப் பற்றித் துறைக்குள் கருத்து வேறுபாடு உண்டு. பூச்சியை விரட்டும், ஓலையை நெகிழ வைக்கும் என்பதற்காகத் தாராளமாகப் பூசப்பட்ட கட்டுகள் சில ஆண்டுகளில் பழுப்பேறி, பிசுபிசுத்து, தூசியைப் பிடித்து வைத்திருப்பதைப் பார்க்கலாம். எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது என்றால் கரியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம் என்பதே என் கருத்து. சாய்வு வெளிச்சத்தில் வாசிக்க முடிகிற ஏட்டுக்கு மையாடுவது ஏட்டுக்காகச் செய்யும் வேலை அல்ல.

ஒட்டிப்போன கட்டுகள்தான் கடினம். ஈரம், பூஞ்சை, சரஸ்வதி பூசையன்று ஆண்டுதோறும் வைத்த சந்தனமும் குங்குமமும், சிந்திய நெய் எல்லாம் சேர்ந்து ஐம்பது ஏடுகளை ஒரு செங்கல்லாக்கியிருக்கும். கத்தி நுழைத்தால் இரண்டு ஏட்டின் எழுத்தும் போகும். மூடியுள்ள பெட்டியின் அடியில் நனைத்த ஒற்றுத்தாள், மேலே வலைத் தட்டு, அதன்மேல் கட்டு என்று வைத்து, காற்றின் ஈரத்தால் மெல்ல இளக வைக்க வேண்டும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். மறந்து இரண்டு நாள் விட்டால் பூஞ்சை பூத்துவிடும். இளகியதும் மெல்லிய மூங்கில் தகட்டை மூலையில் நுழைத்து, தானாகப் பிரிகிற அளவுக்கு மட்டும் நகர்த்தி, எதிர்ப்பு வந்த இடத்தில் மறுபடி பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு ஏடு பிரிந்தால் அது நல்ல நாள். பொறுமை உண்டு என்று எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும். இந்த வேலையில் அதற்கு அர்த்தம் இதுதான்.

காகிதச் சுவடிகளுக்குப் பசை காய்ச்சுவது தனிப் பாடம். நம் ஊர் பைண்டிங் கடைகளில் மைதாவோடு மயில்துத்தம் சேர்த்துக் காய்ச்சுவார்கள், பூச்சி வராது என்று. பூச்சி வராதுதான், ஆனால் மயில்துத்தத்தில் இருக்கும் செம்பு காகிதத்தின் நாரைச் சிதைக்கும் வினையைத் துரிதப்படுத்தும். பழைய பைண்டிங்கின் முதுகுப் பக்கம் மட்டும் பழுப்பேறி ஒடிந்திருந்தால் பசையையும் சந்தேகிக்க வேண்டும். பயிற்சியில் பயன்படுவது புரதம் நீக்கிய கோதுமை மாச்சத்து. இருபது கிராமை நூறு மில்லி வாலைவடி நீரில் ஒரு மணி நேரமாவது ஊறவிட்டு, சிறு தீயில் கை ஓயாமல் அரை மணிக்கு மேல் கிண்ட வேண்டும். வெள்ளை மங்கி கண்ணாடி போல ஆனதும் இறக்கி, ஆறவிட்டு, மெல்லிய வலையில் இரண்டு மூன்று முறை தேய்த்துச் சலித்து, மோர்ப் பதத்துக்குக் கரைத்துக்கொள்ள வேண்டும். குளிர்ப்பெட்டியில் சில நாள் இருக்கும். புளிப்பு வாடை வந்தால் கொட்டிவிட வேண்டும். நீர்த்த பசையைக் கூடுதலாகத் தடவினால் கிழிசலைச் சுற்றிப் பழுப்புக் கோடு விழும். பசை காயும்போது ஒற்றுத்தாளும் எடையும் வைக்காவிட்டால் தாள் சுருங்கும்.

சில இடங்களில் கைத்தேர்வு உண்டு. ஜப்பானியத் தாளில் ஈரத் தூரிகையால் கோடு போட்டு, கத்தரிக்காமல் இழுத்துப் பிரித்து, நார் நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தோடு ஐந்து மில்லிமீட்டர் பட்டை எடுக்கச் சொல்வார்கள். வீட்டில் சாதாரணக் கைவினைத் தாளில் பழகிக்கொள்ளலாம். நிறக்குருடு உண்டா, ஆஸ்துமா உண்டா, கரைப்பான் வாடைக்கு ஒவ்வாமை உண்டா என்று கேட்டால் மறைக்காதீர்கள். பூஞ்சை பிடித்த கட்டோடு நாள் முழுதும் இருக்கும் வேலை இது. முன்கூட்டிச் சொன்னால் முகமூடியும் தனி இடமும் ஏற்பாடு செய்ய முடியும்.

விண்ணப்பத்தோடு இணைக்க ஒரு பொருளின் நிலைக்குறிப்பு தயார் செய்யுங்கள். அரிய சுவடி தேவையில்லை. பாட்டி வீட்டுப் பஞ்சாங்கம் போதும். அளவு, பக்க எண்ணிக்கை, கிழிசல் எங்கே எத்தனை சென்டிமீட்டர், கறை எது, செலோடேப் எத்தனை இடம், நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன செய்யாமல் விட்டீர்கள், ஏன். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். செலோடேப்பை இழுத்து எடுத்தபோது எழுத்தும் சேர்ந்து வந்துவிட்டது என்றால் அதையும் எழுதுங்கள். அடுத்த முறை என்ன செய்வீர்கள் என்பதோடு. தவறே இல்லாத குறிப்பை இந்த வேலையில் இருப்பவர்கள் நம்புவதில்லை. நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் என்றால் தலைமையின் அனுமதிக் கடிதத்தை முதல் நாளே கேட்டுவிடுங்கள். எல்லாவற்றிலும் தாமதமாவது அதுதான்.

தேர்வுக்கு அழைத்தால், வேலை முடிந்ததும் மேசையைத் துடைக்கும் முன் ஒருமுறை பாருங்கள். ஒற்றுத்தாளின் மேல் கடுகளவு ஓலைத் துணுக்கு கிடக்கும். அதை இடுக்கியால் எடுத்து, சிறு காகித உறையில் போட்டு, எந்தக் கட்டு, எத்தனையாம் ஏட்டின் பக்கத்தில் கிடந்தது என்று பென்சிலால் எழுதி, கட்டோடு வையுங்கள். அதில் ஒரு புள்ளியோ ஒரு கொம்போ இருக்கலாம்.