வால் ஆடினால் என்ன அர்த்தம்

என்னிடம் குதிரையேற்றம் கற்கும் அந்தப் பெண் கேட்டதற்கு நான் சொன்ன பதிலில் தப்பில்லை. இன்றைக்கு யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் தொப்பூர் கணவாயைத் தாண்டும்போதெல்லாம் அது ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

பெங்களூரில் பெரிய ரைடர்களின் குதிரைச் சவாரியைப் பிள்ளைகளோடு பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். மறுநாள் காலையில் ஏற்காட்டில் காட்டெருமை காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். பாதிப் பிள்ளைகள் அதற்காகத்தான் வந்ததே. வேன் முழுக்கப் பயாஃப் பேச்சு. நின்ற இடத்திலேயே தாளம் பிசகாமல் குதிரை கால் மாற்றித் துள்ளுவதுதான் பயாஃப்; அதை நேரில் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான். இவள் மட்டும், "வாலைச் சுழட்டிக்கிட்டே இருந்துச்சே சார், அதுக்குப் பிடிக்கலையா?" என்றாள்.

"ஐந்நூறு, அறுநூறு கிலோ உடம்பைப் பின்னங்காலுக்குக் கொண்டு வருது. கஷ்டமான வேலை. வால் ஆடத்தான் செய்யும்."

முன்சீட்டில் அவள் அப்பா தலையாட்டினார். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் டிரெஸ்ஸாஜ் (குதிரையை நுணுக்கமான அசைவுகளில் நடத்திக் காட்டும் போட்டி) அணி தங்கம் வாங்கியதிலிருந்து அவருக்கு வேறெதுவும் காதில் ஏறாது.

சில குதிரைக்கு வாலாட்டுவது பழக்கம். சிலது ரைடரின் பூட்ஸிலுள்ள ஸ்பர் பட்டால் ஆட்டும். ஓயாமல் சுழற்றினால் இறுக்கம் என்று எடுத்துக்கொண்டு நடுவர் மார்க்கைக் குறைப்பதும் உண்டு. இந்தக் கடைசி விஷயத்தை வேனில் எடுத்தால் சேலம் வரைக்கும் பேச்சு ஓயாது. அப்பா வேறு இருந்தார்.

மறுநாள் காபித் தோட்டத்து ஓரம் ஒற்றைக் கடா நின்றது. யாரும் இறங்கக் கூடாது என்றேன். முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் மாட்டிய மாதிரி கால்கள், முதுகில் பெரிய திமில். விலாவில் ஈ மொய்க்க, வால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. "பாருக்கா, இதுவுந்தான் ஆட்டுது" என்றான் அவள் தம்பி.

"இதுக்கு ஈ இருக்குடா."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குச் சொன்ன மாதிரிதான் இருந்தது. இல்லாமலும் இருக்கலாம், பதினாலு வயசுப் பிள்ளை.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் வாலெக்ரோ என்ற குதிரை மீது பிரிட்டனின் சார்லட் டூஜார்டின் தங்கம் வாங்கிய சவாரியைப் போட்டுக் காட்டித்தான் நான் பாடமே நடத்துவது. பயிற்சியில் ஒரு குதிரையின் காலில் திரும்பத் திரும்பச் சாட்டையால் அடித்த வீடியோ வெளியாகி, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து அவர் விலகினார். ஓராண்டுத் தடையும் வந்தது. நான் காட்டுவதை நிறுத்தவில்லை. அடி வாங்கியது வேறு குதிரை, அந்தச் சவாரி நல்ல சவாரி. குதிரையை மகிழ்ச்சியான விளையாட்டு வீரனாக்குவதே டிரெஸ்ஸாஜின் நோக்கம் என்று எஃப்இஐ (சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம்) விதியிலேயே எழுதியிருந்தது. அதையும் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிறேன். இரண்டையும் ஒரே கிளாஸில் செய்ய வேண்டியிருப்பதுதான் இந்த வேலை.

ஊர் திரும்பிய பிறகு, குதிரை வாயைத் திறக்காமலிருக்கக் கட்டும் மூக்குப்பட்டையை அவளே இரண்டு ஓட்டை தளர்த்திக் கட்டியிருந்தாள். பட்டைக்கடியில் என் இரண்டு விரலும் தாராளமாகப் போயின. எஃப்இஐ போட்டிகளில் இந்த இடைவெளியை அளக்க 2025-இல் கருவியே வந்துவிட்டது. ஆக விதி அவள் பக்கம். எங்கள் குதிரையோ வாயைத் திறந்துகொண்டு கடிவாளத்தோடு மல்லுக்கு நிற்கிறது. நான் இறுக்கச் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

அப்பா போன் செய்தார். "இப்படியே போனா மார்க் குறையுமா மாஸ்டர்?"

குறையலாம் என்றேன்.

"அப்ப இறுக்கச் சொல்லட்டுங்களா?"

அடுத்த கிளாஸில் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டேன். அந்த கிளாஸும் முடிந்துவிட்டது. பட்டை அதே ஓட்டையில்தான் இருக்கிறது.